கொச்சியார் ரூமுக்குப் பத்தாவது ஆள்

மாத்தளையில் நான் நடத்துகிற தங்குமிடத்தில் எட்டு அறைகள். ஏழுக்கு நம்பர் உண்டு. மேல்மாடி மூலையில் இருக்கிற எட்டாவதற்கு மட்டும் நம்பர் கிடையாது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்தே அதற்குப் பெயர் கொச்சியார் ரூம். யார் அந்தக் கொச்சியார் என்று மாமியிடம் ஒருமுறை கேட்டேன். "அந்தக் காலத்துல மிளகு வாங்க வந்த ஆளு. நல்ல மனுசன். நம்ம வீட்டுல மீன் மட்டுந்தான் திம்பாராம்," என்றார். கொச்சியிலிருந்து வந்த யாரோ ஒரு முஸ்லிம் வியாபாரி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முப்பத்தைந்து வருசம் அப்படியே நம்பியும் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

சில வருசங்களுக்கு முன் கொச்சியிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். அவர் பேசியது மலையாளம், நான் பேசியது தமிழ். இரண்டு பேரும் அவசரப்படாமல் பேசினால் விசயம் ஓடிவிடும் என்று அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துக்கொண்டோம். தன்னுடைய மாமனார் வாலிப வயதில் மாத்தளையில் மிளகும் சாதிக்காயும் வாங்குகிற வேலையில் இரண்டு வருசம் இருந்தவர், ஒரு மிளகு வியாபாரியின் மேல்மாடியில் தங்கியவர், அந்த வீட்டைத் தேடுகிறோம் என்றார். பழைய கடித உறையிலிருந்த விலாசத்தை வாசித்தார். எங்கள் வீடுதான். பிறகு ஒரு மூச்சு எடுத்து, "ஞங்ஙள் யூதர்," என்றார்.

கொச்சியார் முஸ்லிம் இல்லை என்பதை விழுங்க எனக்கு ஒரு நொடி பிடித்தது. அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது என்று, "வாங்க ராத்தா, ரூம் அப்படியேதான் இருக்கு," என்றேன். மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்போம். வாயில் அதுதான் வந்தது.

செய்தி தெருவுக்குப் போனதும் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். டிவியில் பார்க்கிற சண்டை எல்லார் மனதையும் கலக்கித்தான் வைத்திருக்கிறது. என் மனதையும்தான், பார்த்து அழுதிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுச் சோற்றை இரண்டு வருசம் தின்ற மனுசனின் மகன் வருகிறார் என்றால், கதவைத் திறப்பது என் வேலை. அதை நான் யாரிடமும் கேட்டுச் செய்வதில்லை.

அவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை ராத்தா அடுத்தடுத்த போன்களில் சொன்னார். கொச்சியார் இங்கே இருந்தபோது, அவருடைய தகப்பன் கொச்சியில் இறந்துபோனார். தந்தி அந்த மூலை அறைக்குத்தான் வந்தது. அவர்கள் வழக்கப்படி, தகப்பன் இறந்தால் மகன் ஒரு தொழுகை சொல்ல வேண்டும். பதினொரு மாதம் சொல்ல வேண்டும், பிறகு வருசா வருசம் அந்த நாளில் சொல்ல வேண்டும். ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. அவர்களுடைய ஆட்களில் வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடி நின்றால்தான் சொல்லலாம். மாத்தளையில் அவர்களுடைய ஆள் அவர் ஒருவர் மட்டும்தான். வேலையை விட்டுப் போக முதலாளி விடவில்லை. அவர் ஊர் திரும்பியபோது அந்த மாதங்கள் எல்லாம் கழிந்துபோயிருந்தன.

அது அந்த மனுசனுக்கு ஆறவே இல்லை. கிழவனாகிப் படுக்கையில் கிடந்தபோதும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்தளையில எனக்கு ஆள் இல்லாமப் போச்சு. நான் சொல்லாம விட்ட இடத்துல நீ போய்ச் சொல்லு," என்றிருக்கிறார். அந்த மகன்தான் ராத்தாவின் கணவர். வயது எழுபத்து மூன்று, நெஞ்சில் இரண்டு தடவை ஸ்டென்ட் வைத்தவர். டாக்டர் இந்தப் பயணத்துக்கே அரைமனதோடுதான் தலையாட்டினாராம். இன்னொரு தடவை வர முடியுமா என்று நான் கேட்கவில்லை, ராத்தாவும் சொல்லவில்லை.

பத்துப் பேரைச் சேர்ப்பதும் லேசான காரியம் இல்லை. அவர்களுடைய பள்ளி கொச்சியில் நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஆமாம், தொழுகிற இடத்தை அவர்களும் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே மிச்சம் இருப்பது சில குடும்பங்கள். மற்றவர்கள் மும்பாய், லண்டன், இஸ்ரேல் என்று போய்விட்டார்கள். வருசத்துக்கு ஒருமுறை பெருநாளுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள், பள்ளியைக் கழுவுவார்கள், விளக்கு ஏற்றுவார்கள், ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அப்படி வந்தவர்களில்தான் ராத்தா ஒருவர் ஒருவராகப் பிடித்து, "பெருநாள் முடிஞ்சதும் ஒரு வாரம் எங்ககூட சிலோனுக்கு வரணும்," என்று கேட்டிருக்கிறார். மற்ற ஒன்பது ஆண்களும் சரி என்றிருக்கிறார்கள். ஒருவருடைய கடமைக்காக இன்னொரு ஒன்பது பேர் கடல் தாண்டி வருவதென்றால் அது சின்ன மனசு இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் வந்து இறங்கினார்கள். பெண்கள் ஐந்து பேர், ஆண்கள் ஒன்பது பேர். எங்கே பத்தாவது ஆள் என்று பார்த்தால், அவர் கண்டி ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டு கிடக்கிறார். வழியில் ரோட்டோரம் ஒரு பை நிறைய புளிப்பான வெரளுக்காய் அச்சாறு வாங்கி, உறைக்கிற கொச்சிக்காயோடு மொத்தத்தையும் தனியாகத் தின்று தீர்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரை விட மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழுகை வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும், கொச்சியாருடைய தகப்பனின் வருச நாள் அன்றைக்குத்தான். மனுசன் நாக்கை அடக்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

ராத்தாவின் கணவரை நான் நானா என்று கூப்பிட்டேன். மூத்த சகோதரனுக்கு எங்கள் பேச்சு. மெலிந்த, உயரமான மனுசன். மாடிப்படியில் ஏறி, மூலை அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கட்டிலில் உட்காரவில்லை. திரும்பி வந்து என்னிடம், "பத்தாவது ஆள் கிடைக்காட்டியும் பரவால்ல. ரூமைப் பார்த்தேன், போதும்," என்றார். பச்சைப் பொய்.

அவர்களுடைய வேதச்சுருள் வெள்ளித் தகடு பதித்த மர உறைக்குள் நின்ற நிலையில் இருந்தது. வேனில் அதற்கு முன் சீட், மேலே பெல்ட்டும் போட்டிருந்தார்கள். அதை உள்ளே எடுத்து வந்தபோது ஒவ்வொருவரும் விரல் நுனியால் தொட்டு, அந்த விரலை முத்தமிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மேல்மாடிக்குப் போய், குர்ஆன் வைக்கிற அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்து, பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அவர் அப்படித்தான். வாயால் வரவேற்கத் தெரியாது, கையால் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மேல்மாடி ஹாலை அவர்களே கூட்டித் துடைத்தார்கள். கூரைக் கொக்கிகளில் சங்கிலி மாட்டி, கண்ணாடிக் கிண்ணங்களைத் தொங்கவிட்டு, தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். ஹால் வாசலில் எல்லாருடைய செருப்பும் வரிசையாகக் கிடந்தது. ராத்தா போனில் கொச்சிப் பள்ளியின் படங்களைக் காட்டினார். வெள்ளைச் சுவர், நீலப்பூப் போட்ட தரையோடுகள், உயரம் உயரமாகத் தொங்குகிற விளக்குகள், நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. மேலே ஒரு மாடம், அது பெண்களுக்கு. "இவ்வளவு அழகான தரையில செருப்புப் போட்டு நடக்க யாருக்கு மனசு வரும்?" என்று கேட்டேன். அங்கேயும் கழற்றிவிட்டுத்தான் போவார்களாம்.

சமையலும் அவர்களே. புது மண்சட்டிகளும் ஒரு அடுப்பும் ஒதுக்கிக் கொடுத்தேன். என் அடுப்படியில் இன்னொருத்தி கரண்டி பிடிப்பதைச் சகித்துக்கொள்கிற பெண் இல்லை நான். அன்றைக்குச் சகித்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று ராத்தா சொன்னார். பொழுது சாய்ந்த பிறகு மறுநாள் இரவு வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, வாகனத்தில் ஏறக் கூடாது, வெளியே கையில் எதையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

பத்துப் பேர் விசயத்தை நான் என் வீட்டுக்காரரிடம் முதல் நாள் இரவு அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். "தொழுறதுக்குப் பத்து ஆம்பிளை வேணுமாம். ஒரு ஆள் குறையுது," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஒன்றேகால் மணிக்கு வாசலில் சந்தடி கேட்டது. எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் முன்னால் வருகிறார், பின்னால் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஒரு கூட்டம். தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பலகை வியாபாரி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எல்லாரும் குளித்து அத்தர் பூசி வந்த கோலத்தில் நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். முன்பு முகம் சுளித்தவர்களில் ஒருவரும் அதில் இருந்தார். வீட்டுக்காரர் ஹால் வாசலில் நின்று, ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு, "ஒன்னு, ரெண்டு, மூனு," என்று சத்தமாக எண்ணினார். பதினான்கில் நிறுத்தி, நானாவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ஒரு ஆளுதானே கேட்டீங்க. பதினாலு பேரு கூட்டிட்டு வந்திருக்கேன்."

நானா தரையைப் பார்த்தார். அவருடைய ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். எண்ண ஆரம்பித்ததிலிருந்தே அவர்கள் நெளிந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. மனுசர்களை அவர்கள் நம்பர் போட்டு எண்ணுவதில்லை. பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரியை, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லி, வரி முடிகிறதா என்று பார்ப்பார்கள். எண்ணினால் கண்ணூறு என்று ராத்தா பிறகு சொன்னார்.

நானா என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். இவ்வளவு பெரிய மனசை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை, ஆனால் பத்தாவது ஆள் எங்கள் மார்க்கத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும், உங்களைச் சேர்த்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை, என்னை மன்னிக்க வேண்டும்.

அதிபர்தான் முதலில், "அது சரிதான், சட்டம்னு ஒன்னு இருக்குமே," என்றார். ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்கள். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். அவருடைய காது சிவந்திருந்தது. ஊருக்கு முன்னால் மனுசனுக்குத் தலைகுனிவு.

எனக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்கு வந்து ராத்தாவிடம் வெடித்தேன். "எங்க ஆம்பிளைங்க மனுசங்க இல்லையா ராத்தா? வெள்ள உடுப்போட வந்து நின்ன ஆளுங்கள வேணாம்னு சொன்னா எப்படி?"

அவர் கையிலிருந்த மீன் துண்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "மோளே, ஞானும் கணக்கில் இல்லா," என்றார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு வருசமாகப் போன் பண்ணிப் பத்துப் பேரைச் சேர்த்தவர் இவர். டிக்கெட் போட்டவர் இவர், என்னைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அந்தப் பத்தில் இவர் இல்லை. எங்கள் பள்ளியிலும் ஜும்ஆவுக்கு நாற்பது ஆண்கள் வேண்டும் என்பார்கள். அந்த நாற்பதில் நான் என்றைக்கு இருந்தேன்? நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவுகிற கணக்கில் மட்டும் என் பெயர் முதலாவதாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராத்தாவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தப் பத்தாவது ஆம்பிளைய நாம ரெண்டு பேரும் பிடிப்போம்," என்றேன்.

தங்குமிடம் நடத்துகிறவர்களை எனக்குக் கண்டியிலிருந்து சிகிரியா வரை தெரியும். அடுத்த அரை மணி நேரத்தில் இருபது பேருக்காவது போன் பண்ணியிருப்பேன். தம்புள்ளையில் குளத்துப் பக்கம் அறைகள் வைத்திருக்கிறவர்தான், "ஒரு வெள்ளக்காரர் இருக்கார். கழுத்துல ஆறு முனை நட்சத்திரம் போட்டிருக்கார். பறவை பாக்க வந்தவரு, ஆளோட பேச மாட்டார்," என்றார். பெயரை வாசிக்கச் சொன்னேன். பெயரைக் கேட்டதும், தங்கள் ஆள்தான் என்று ராத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வேனை ஓட்ட ஆள் வேண்டும். வீட்டுக்காரர் முன்னறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாவியை அவர் மடியில் வைத்தேன். "தம்புள்ளைக்குப் போகணும். ஆறேகாலுக்குள்ள திரும்பணும்," என்றேன். மனுசன் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்தார்.

நாலந்தை தாண்டியதும் வீட்டுக்காரர் கண்ணாடியில் ராத்தாவைப் பார்த்துப் பேசினார். "நான் வாலிபத்துல வில்கமுவ பக்கம் நெல்லு வாங்கப் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை அங்க ஒரு சின்னப் பள்ளியில முப்பத்தொம்பது பேரு நிக்கிறாங்க. நான் போய் நாப்பதாவதா நின்னேன். நீங்க பிரயாணி, உங்களைச் சேர்க்க ஏலாதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு அந்த ஊருல ஜும்ஆ இல்ல. எனக்குக் கோவம் வரல்ல. சட்டம்னா சட்டம்." கொஞ்ச தூரம் போய், "இன்னைக்கு மட்டும் ஏன் கோவம் வந்துச்சுன்னு தெரியல்ல," என்றார். ராத்தாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் முன்னால் சாய்ந்து அவர் தோளில் ஒரு தடவை தட்டினார்.

பறவைக்காரர் குளக்கட்டில் ஒரு மரத்தைப் பார்த்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டைக் காற்சட்டை, கழுத்தில் பெரிய தூரக்கண்ணாடி. தென்னாபிரிக்காவில் பல் டாக்டராம். மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்கிற பெட்டை இருவாச்சி வெளியே வருவதைப் பார்க்க மூன்று நாளாகக் காத்திருக்கிறாராம். ராத்தா இங்கிலீசில் அவருடைய தாயைப் பற்றிக் கேட்டார், அவர் பதில் சொன்னார், ராத்தா திருப்தியாகத் தலையாட்டினார். தாய் அவர்களுடைய ஆளாக இருந்தால்தான் பிள்ளையும் அவர்களுடைய ஆளாம். பிறகு மாத்தளை விசயத்தைச் சொன்னார்.

"முடியாது," என்றார் பறவைக்காரர். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் தொழவே இல்லை, ஒரு வரியும் ஞாபகம் இல்லை, நட்சத்திரம் என் தாய் போட்டது, அதனால்தான் கிடக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். ராத்தாவின் முகம் விழுந்துவிட்டது. மணி நாலாகிக்கொண்டிருந்தது.

கெஞ்சுவது எனக்கு வராது. என்னுடைய தங்குமிட இங்கிலீசில் சொன்னேன். "இந்தப் பறவைக்கு மூனு நாள் காத்திருக்கீங்க. அது இன்னைக்கு வராட்டி நாளைக்கு வரும். அந்த மனுசனோட தகப்பன் ஆளுக்காகச் சாகிற வரைக்கும் காத்திருந்தார். உங்களத் தொழச் சொல்லல்ல. வந்து நில்லுங்க. நிக்கத் தெரியுமில்ல?"

பல் டாக்டரிடம் இப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். மரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியை மடக்கினார்.

நாலரைக்குப் புறப்பட்டோம். சந்தைக்குப் போகிற லொறிகளைத் தாண்டி நாவுலைக்கு வந்து சேரும்வரை நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெற்றி என்றே நினைத்துவிட்டேன். நாலந்தைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு பூசணிக்காய் லொறி ரோட்டுக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. சாரதிக்குக் காயம் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ரோடு முழுக்கப் பூசணிக்காய். என் வீட்டுக்காரரும் பறவைக்காரரும் இறங்கி, மற்றவர்களோடு சேர்ந்து காய்களை உருட்டி ஓரம் கட்டினார்கள். ராத்தா ஜன்னல் வழியே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்தளைக்கு இன்னும் இரண்டு மைல் கட்டை தூரம் இருக்கும்போது, "நிர்த்து," என்றார் ராத்தா. வேன் நின்றது. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கைப்பையைச் சீட்டில் வைத்தார். அதற்குள் போன், கண்ணாடி, நெஞ்சுக்கு நல்லதென்று கணவருக்கு வாங்கிய ஏதோ மருந்து எல்லாம் இருந்தது. வெறுங்கையோடு இறங்கினார். "நீங்க போங்க. இவரைக் கொண்டுபோய் விடுங்க. நான் நடந்து வாறேன்," என்றார். அறுபத்தெட்டு வயது, காலில் மெல்லிய செருப்பு.

பறவைக்காரர் தன் சீட்டில் அசையாமல் இருந்தார். அவரை வேனில் கொண்டுபோக எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. அவர்தான் ஒன்றும் கடைப்பிடிக்காதவர் ஆயிற்றே. நான், "போவோம்," என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த மனுசன் கழுத்திலிருந்த தூரக்கண்ணாடியைக் கழற்றிச் சீட்டில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வைத்தார். பர்ஸை எடுத்து வைத்தார். ஒரு வரியும் ஞாபகம் இல்லை என்று சொன்னவர், இரண்டு பைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, ராத்தாவின் பக்கத்தில் போய் நின்றார்.

பிறகு நான் மட்டும் வேனில் எப்படி உட்கார்ந்திருப்பது? என் முழங்கால் இரண்டும் என்னைத் திட்டத் திட்ட நானும் இறங்கி நடந்தேன். வீட்டுக்காரர் ரோட்டோரப் பள்ளியில் மக்ரிப் தொழுதுவிட்டு எங்களை எட்டிப்பிடித்து, பின்னாலேயே வேனை ஊர்ந்து கொண்டுவந்தார். கடைவாசலில் நின்றவர்கள், "என்ன ஹோட்டல் அக்கா, ஊர்வலமா?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். "ஓ, நீங்களும் வாங்க," என்றேன். ராத்தா வேகமாக நடந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தெருமுனை திரும்பியபோது எங்கள் வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. மத்தியானம் தேத்தண்ணி குடிக்காமல் போனவர்கள். மக்ரிப் முடிந்து வந்து நிற்கிறார்கள். பலகை வியாபாரி முன்னால் வந்து, "ஆள் கிடைச்சாரா?" என்று கேட்டார். நான் பறவைக்காரரைக் காட்டினேன். அந்தக் கட்டைக் காற்சட்டையைப் பார்த்து அவர், "இந்தக் கோலத்துலயா?" என்றார். என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய், தான் பெருநாளைக்குக் கட்டுகிற சாரத்தைக் கொண்டுவந்து அந்த மனுசனுக்குக் கட்டிவிட்டார்.

மேலே எண்ணெய் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நானா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார், முகம் சாம்பல் பூத்திருந்தது. நாங்கள் வரமாட்டோம் என்று முடிவு செய்துவிட்டிருக்கிறார். ராத்தாவைப் பார்த்தார், பின்னால் சாரத்தோடு வந்தவரைப் பார்த்தார். எழுந்து நின்றார். ஒருவர் அந்தப் பத்துச் சொல் வரியை மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிச் சொல்லைப் பல் டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வரி முடிந்தது.

நானும் ராத்தாவும் மற்றப் பெண்களும் ஹால் வாசலுக்கு வெளியே பாயில் உட்கார்ந்தோம். பாட்டும் ஓதலுமாகக் கொஞ்ச நேரம் போனது. பிறகு நானா மூலை அறையின் கதவைத் திறந்து, அதன் வாசற்படியில் நின்றார். தகப்பனுக்குத் தந்தி வந்த இடம். மற்ற ஒன்பது பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். எழுபத்து மூன்று வயது மனுசனின் குரல் முதல் சொல்லில் உடைந்தது. மறுபடி தொடங்கினார். ஒரு வரி முடிந்ததும் ஒன்பது பேரும், "ஆமேன்," என்றார்கள்.

அதே நொடியில் கீழே மாடிப்படியிலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. "ஆமீன்."

எட்டிப் பார்த்தேன். அடிப்படியிலிருந்து மேற்படி வரை எங்கள் தெரு ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், எல்லாருக்கும் மேலே என் வீட்டுக்காரர். அவருடைய காது மறுபடியும் சிவந்திருந்தது. நானா ஒரு கணம் நிறுத்தினார். இது கூடுமோ கூடாதோ என்று ராத்தாவைப் பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார், இந்த முறை கொஞ்சம் சத்தமாக, படிக்கும் கேட்கிற மாதிரி. ஆமேனும் ஆமீனும் ஒன்றாக எழுந்தன. ராத்தாவும் சொன்னார், நானும் சொன்னேன்.

முடிந்ததும் நானா நேரே படிக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் அப்பன் சொன்னது பிழை. மாத்தளையில் ஆள் உண்டு," என்றார். வீட்டுக்காரர் தேத்தண்ணி வைக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நானா ஊர் திரும்பி அந்த வருசம் முடிவதற்குள் போய்விட்டார். கொச்சிப் பள்ளியில் அவருக்குப் பத்துப் பேர் கூடினார்கள் என்று ராத்தா சொன்னார். அந்த மாடிப்படி வெள்ளிக்கிழமையைப் பற்றி எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு உண்டு. ஒவ்வொருவரும் ஒரு தொகை சொல்வார்கள். பதினாலு என்பார் ஒருவர், இல்லை முப்பதாவது இருக்கும் என்பார் இன்னொருவர். கடைசியில் என்னிடம் வந்து, "நீங்க மேல இருந்து பாத்தீங்களே, எத்தன பேரு?" என்று கேட்பார்கள்.

நான் எண்ணவில்லை.